நகராட்சிக் கட்டடத்தில் கைக்காசு போடாமல் சோலார்: ரெஸ்கோ ஒப்பந்தம் போடுவது எப்படி?

எங்கள் நகராட்சி அலுவலக மொட்டை மாடியில் சோலார் ஓடத் தொடங்கி இரண்டு கோடை ஆகிவிட்டது. நகராட்சி நிதியிலிருந்து முதலீடாக ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. மன்ற உறுப்பினராக அந்தக் கோப்பின் பின்னால் ஒன்றரை ஆண்டு அலைந்தேன். பக்கத்து ஊர்க்காரர்கள் வழி கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். பேனல், இன்வெர்ட்டர் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்பதற்குள் போகவில்லை. காசும் ஒப்பந்தமும் மட்டும்தான் இங்கே.

ரெஸ்கோ முறை இதுதான்: ஒரு நிறுவனம் தன் பணத்தில் பேனல் போட்டு, பெரும்பாலும் 25 ஆண்டுகள் பராமரிக்கும். உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பேசிய விலையை நாம் அதற்குக் கொடுக்கிறோம். அந்த விலை மின்வாரியக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் வித்தியாசம் நமக்கு மிச்சம். டெல்லி மெட்ரோ 2014-லேயே துவாரகா செக்டார் 21 நிலையத்தில் 500 கிலோவாட் ஆலையை இப்படித்தான் போட்டது. குஜராத்தின் காந்திநகரில் அதற்கு முன்பே வந்த கூரைத் திட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மின்சாரம் பொது மின்கம்பிகளுக்கு (கிரிடு) போனது, கூரை கொடுத்தவருக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் கிடைத்தது. அது கூரை வாடகை. நாம் பேசுவது சொந்த உபயோகத்துக்கு.

படி 1: இணைப்புகளைப் பட்டியலிடுங்கள்

நகராட்சிப் பெயரில் இருக்கும் எல்லா மின் இணைப்பு எண்களையும் எடுங்கள். அலுவலகம், பள்ளி, நகர்நல மையம், பேருந்து நிலையம், நீரேற்று நிலையம், எல்லாமே. ஒவ்வொன்றுக்கும் 12 மாத ரசீது வேண்டும். தெருவிளக்கு இணைப்புகளை முதலிலேயே அடித்துவிடுங்கள், வெயில் இருக்கும்போது அவை எரிவதில்லை. பள்ளிகளையும் யோசித்துச் சேருங்கள். மே மாதம் வெயில் கொளுத்தும், பள்ளி பூட்டியிருக்கும்.

படி 2: பகலில் எத்தனை யூனிட்?

நாங்கள் சறுக்கிய இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

முதலில் வந்த ஆலோசகர் ஆண்டு மொத்த யூனிட்டைப் பார்த்தார். "வருஷத்துக்கு 36,000 யூனிட் ஓடுகிறது. 25 கிலோவாட் போட்டால் அதே அளவு உற்பத்தியாகும், பில் ஏறக்குறைய பூஜ்யம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். வீட்டு இணைப்பாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 அக்டோபர் உத்தரவுப்படி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங் வீடுகளுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு நெட் ஃபீட்-இன். அதாவது, பேனல் மின்சாரத்தை அந்த நொடியிலேயே கட்டடம் பயன்படுத்தினால் முழுக் கட்டணம் மிச்சம். மிஞ்சி வெளியே போகும் யூனிட்டுக்கு ஆணையம் வைத்த குறைந்த விலைதான் பில்லில் கழியும். ரெஸ்கோ நிறுவனத்துக்கோ அந்த யூனிட்டுக்கும் நாம் பேசிய முழு விலையைக் கொடுத்தாக வேண்டும்.

சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் போக அலுவலகம் இயங்குவது ஆண்டுக்குச் சுமார் 250 நாள். மற்ற 115 நாளும் மாடியில் வெயில் காய்கிறது, கீழே ஃபேன் ஓடவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு. ரெஸ்கோ விலை ரூ. 4.50, மின்வாரியக் கட்டணம் ரூ. 8, வெளியே போகும் யூனிட்டுக்கு ரூ. 3 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்). வேலை நாளில் வெயில் நேர உபயோகம் 70 யூனிட், விடுமுறையில் 10. நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும்.

25 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 36,500 யூனிட். கட்டடம் எடுத்துக்கொள்வது 18,650, வெளியே போவது 17,850. ரெஸ்கோவுக்கு ரூ. 1,64,250 கொடுக்கிறோம். மின்வாரியத்திடம் மிச்சமும் வரவும் சேர்ந்து ரூ. 2,02,750. கையில் நிற்பது ரூ. 38,500.

15 கிலோவாட் போட்டால் 21,900 யூனிட். உள்ளே 16,150, வெளியே 5,750. கொடுப்பது ரூ. 98,550, மிச்சமும் வரவும் ரூ. 1,46,450. கையில் நிற்பது ரூ. 47,900.

சின்ன ஆலையில்தான் லாபம் அதிகம்! இதை மன்றத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. சோலார் வைத்திருப்பவர்களிடம் மின்வாரியம் தன் கம்பிகளுக்காக வாங்கும் நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு உண்டென்றால் அதையும் கழித்துப் பாருங்கள்.

சரி, வெயில் நேர உபயோகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ரசீதில் மொத்தம்தான் இருக்கும். பெரிய இணைப்புகளில் இருக்கும், மின்னோட்ட மாற்றி வைத்த சிடி மீட்டர் நேரவாரியான பதிவை நினைவில் வைத்திருக்கும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து 'லோடு சர்வே' எடுத்துத் தரச் சொல்லுங்கள். சின்ன மீட்டர் என்றால் இரண்டு வாரம் காலை 8, மதியம் 12, மாலை 5 மணிக்கு ரீடிங்கைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். எங்கள் அலுவலகக் காவலர்தான் இதைச் செய்தார். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

கணக்குப் போட வண்ணவண்ணச் செயலிகள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை, பேனல் விற்பவர்கள் செய்தவை அதிகம். உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸில் ஊருக்கான உற்பத்தியைப் பாருங்கள், மீதியை எக்செல்லில் நீங்களே போடுங்கள்.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது நீரேற்று நிலையம்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஊர் தண்ணீர் குடிக்கிறது. மோட்டார் ஓடும் நேரத்தை அதிகாலையிலிருந்து காலை 9-க்கு மேல் தள்ளினோம், மேல்நிலைத் தொட்டி மாலைக்குள் நிரம்பிவிடுகிறது. அங்கே வெளியே போகும் யூனிட் மிகக் குறைவு. அதனால் அலுவலகத்துக்குச் சின்ன ஆலை, நீரேற்று நிலைய வளாகத்தின் காலி இடத்தில் பெரியது என்று பிரித்தோம்.

படி 3: கூரை

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம். தண்ணீர்த் தொட்டி நிழலை டிசம்பரில் பாருங்கள், அப்போதுதான் நீளமாக விழும். தட்டோடு பதித்த பழைய தளத்தில் துளை போட விடாதீர்கள். கான்கிரீட் கட்டைகளின் கனத்திலேயே சட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், தளம் அந்தப் பாரத்தையும் காற்றையும் தாங்குமென்று பொறியாளர் கையெழுத்திட்ட பிறகு.

படி 4: டெண்டரும் ஒப்பந்தமும்

1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கும் பொருந்தும். தெரிந்த கம்பெனி, நல்ல விலை என்று நேரடியாகக் கொடுக்க முடியாது. இவ்வளவு நீண்ட ஒப்பந்தத்துக்கு மன்றத் தீர்மானம் மட்டும் போதவில்லை, மேலிட அனுமதிக்கும் காத்திருந்தோம். அதற்கு நாலைந்து மாதம் ஒதுக்கிவையுங்கள்.

விலையைப் பார்க்கும்போது முதல் ஆண்டு விலையில் மயங்காதீர்கள். "ரூ. 4 மட்டுமே, ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு" என்று ஒருவர் கொடுத்தார். 25-ஆம் ஆண்டில் அது ரூ. 8.13. மாறாத விலையைத்தான் நான் கேட்பேன்.

ஒப்பந்தத்தில் நான் பேனா வைத்துக் கோடிட்ட இடங்கள் சில. குறைந்தபட்ச உற்பத்தி உறுதி: 15 கிலோவாட்டுக்கு 15 சதவீதப் பயன்பாடு (ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் 15 சதவீதம்) என்றால் ஆண்டுக்கு 19,710 யூனிட். அதற்குக் கீழே போனால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். பேனல் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் தேயும் என்பதால் அந்த அளவு எப்படி இறங்கும் என்பதையும் அட்டவணையாக எழுதுங்கள். அடுத்து, கற்பித உற்பத்தி: நம்மால் ஆலை நின்றால், ஓடியதாகவே பாவித்து நாம் பணம் கட்ட வேண்டும். தளம் ஒழுகிப் பேனலைக் கழற்ற நேர்ந்தால் எத்தனை நாள் வரை விலக்கு என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். அப்புறம் இடையில் நாமே ஆலையை விலைக்கு வாங்கினால் எந்த ஆண்டில் எவ்வளவு தொகை, கடைசியில் ஆலை யாருக்கு என்பது.

நிறுவனங்கள் அஞ்சுவது நகராட்சி பணம் தாமதிப்பதைத்தான். அந்தப் பயத்தை விலையில் ஏற்றிவிடுவார்கள். மூன்று மாதத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் வைப்பதாக டெண்டரிலேயே சொன்னோம்.

படி 5: மீட்டர், பில்

மின்வாரிய விண்ணப்பம், மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்று, இருவழி மீட்டர். இவற்றையெல்லாம் நிறுவனமே செய்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது உற்பத்தி மீட்டர், ரெஸ்கோ பில் அதில்தான் வரும். மாதம் முதல் தேதி நம் ஆள் ஒருவர் போய்ப் படம் எடுக்கட்டும்.

முதல் பில்லே எங்களுக்கு இரண்டு மாதம் நின்றது. மின் கட்டணத் தலைப்பில் மின்வாரியத்துக்குத்தான் பணம் போகலாம், தனியாருக்கு எப்படி என்று கணக்குப் பிரிவு கேட்டது. நியாயமான கேள்விதான், நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். மன்றத் தீர்மானத்திலேயே "மின் கட்டணத் தலைப்பிலிருந்து வழங்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள்.

பின்சேர்க்கை: ஒரு பேரூராட்சி நண்பர் கேட்டார், "கட்டடத்தை ஐந்தாறு வருஷத்தில் இடித்துக் கட்டப்போகிறோம், போடலாமா?" அந்தக் கட்டடத்தில் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், ஒரு முறை வேறு கட்டடத்துக்கு மாற்றும் உரிமையையும் அந்தச் செலவு யாருடையது என்பதையும் திருத்த ஒப்பந்தமாக இப்போதே எழுதுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: பேனல் கழுவும் தண்ணீர் யார் பொறுப்பு என்று இருவர் கேட்டிருந்தார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது விட்டுப்போயிருந்தது. கோடையில் லாரித் தண்ணீருக்கு நிறுவனம் தனியாகப் பில் அனுப்பிய பிறகுதான் கவனித்தோம். மாடியில் குழாய் இணைப்பு நகராட்சி தரும், மாதம் இருமுறை கழுவுவது நிறுவனம் என்று பேசி முடித்திருக்கிறோம். உங்கள் வரைவில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.