ஃப்ரிட்ஜ் நாற்றம் திரும்பத் திரும்ப வருகிறதா? பின்சுவரில் இருக்கும் ஓட்டையைப் பாருங்கள்

தட்டுகளைக் கழுவி, எலுமிச்சம்பழம் வெட்டி வைத்து, இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் பழைய வாடையே வந்தால், கழுவ வேண்டிய இடம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பின்சுவரின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை, கம்ப்ரெசருக்கு மேலே அந்தத் தண்ணீர் சேரும் தட்டு, கதவு ரப்பரின் மடிப்பு: பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வாடை தங்கும். மும்பை மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே போய், பின்சுவரில் நீராகி வழிந்து, சிந்திய மாவையும் பாலையும் அந்த ஓட்டைக்குள் இழுத்துப் போகிறது.

முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சாமான்களை எடுத்து, பால், தயிர், மீனை மட்டும் ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள். பழைய ஐஸ் கட்டிகளைக் கொட்டிவிடுங்கள், அவை வாடையை உறிஞ்சியிருக்கும். கண்ணாடித் தட்டுகளை இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கழுவுங்கள். சில்லென்று இருக்கும்போதே வெந்நீர் பட்டால் விரிசல் விடும்.

எதைக் கொண்டு துடைப்பது என்பது வாடையைப் பொறுத்தது. புளித்த மாவு, தயிர், கெட்ட பால் எல்லாம் அமில வாடை. அதற்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா. கடையில் ‘கானே கா சோடா’ என்று கேளுங்கள். துணி சோடாவும் பேக்கிங் பவுடரும் வேறு பொருள்கள், அவற்றை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். மீன், கருவாட்டு வாடை காரத் தன்மை உடையது, அதற்குச் சோடா உதவாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்க வேண்டும். மகாராஷ்டிரக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை என்பதால், அதற்கு முன்பே காய்ந்த பொம்பில் மீனும் இறாலும் வாங்கி அடுக்கும் வீடுகளில் வினிகர்தான் வேண்டியிருக்கும். வெங்காயம், பூண்டு, பெருங்காயம் கந்தக வாடை. அதற்கு இரண்டுமே போதாது, கீழே சொல்லும் கரிதான்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் தெரியும், ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சு வாயுவே வரும்.

இப்போது அந்த ஓட்டை. காய்கறி டிராயரை வெளியே எடுத்துவிட்டுப் பின்சுவரின் அடியைப் பாருங்கள். பல மாடல்களில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், அதன் நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை. டார்ச் அடித்தால் விளிம்பில் பழுப்பாக வழவழப்புத் தெரியும். கொத்தமல்லி இலை, மாவுத் துணுக்கு, பூஞ்சை எல்லாம் கலந்த கசடு அது. மருந்துக்கடையில் ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, வெதுவெதுப்பான சோடா நீரை மெதுவாகச் செலுத்துங்கள். எதிர்த்து வந்தால் அழுத்தாதீர்கள். வயர்களைக் கட்ட உதவும், வளையும் பிளாஸ்டிக் கேபிள் டையைத் துளைக்குள் இரண்டு அங்குலம் நுழைத்து ஆட்டிவிட்டு மறுபடி செலுத்துங்கள். இரும்புக் கம்பியோ குடைக்கம்பியோ வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் குழாய் கிழிந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கும் ஃபோம் பக்கம் போய்விடும், பிறகு அந்த வாடைக்கு மருந்தில்லை.

அரை டம்ளர் தண்ணீர் விட்டால் அது முழுவதும் பின்பக்கத் தட்டில் வந்து விழ வேண்டும். வந்தால்தான் ஓட்டை சுத்தம். ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டையும் சிலர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கழன்று வந்தால் கழுவுங்கள், ஒட்டியோ திருகியோ இருந்தால் பிடுங்காமல் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கம்ப்ரெசர் சுட்டால் ஆறட்டும். அங்கே செத்த பல்லி கிடப்பதும் உண்டு.

கதவு ரப்பரை விரலால் பிரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்பைத் தேயுங்கள். கருப்புப் புள்ளிகளுக்கு வினிகர் நீரைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

துடைத்ததும் மூடிவிடக் கூடாது. ஃபேன் காற்று படும்படி கதவைத் திறந்தே வைத்து, இரண்டு மணி நேரமாவது உலர விடுங்கள். மழை நாளென்றால் இன்னும் கூடுதலாக.

மிச்ச வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் கரிதான் என் சிபாரிசு. மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில், க்ராஃபோர்ட் மார்க்கெட் பக்கம்கூட, கிடைக்கும். நூறு கிராமை மெல்லிய துணியில் முடிந்து நடுத் தட்டில் வையுங்கள். அடுப்புக்கரியும் உதவும், ஆனால் குறைவாக. சோடா வைப்பதானால் டப்பாவோடு வைக்காமல் அகலத் தட்டில் பரப்புங்கள். காபித்தூள் பெரும்பாலும் வாடையை மறைக்கத்தான் செய்யும்.

பிறகு சேர்த்தவை:

ஃப்ரீசரில் வைத்த மீன் வாடை கீழே தயிரில் எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பல ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் ஒரே விசிறிதான் மேலும் கீழும் காற்றைச் சுற்றவிடுகிறது. மீனை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மே மாதம் ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவை மூடிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது உள்ளே பூஞ்சைதான். காலி செய்து, உலர்த்தி, துண்டை மடித்துக் கதவிடுக்கில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சிங்கிள் டோரில் பனியைக் கத்தியால் குத்தி எடுப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து செய்யாதீர்கள். கத்தி குழாயைக் கிழித்தால் உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு கசியும். இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற வாயு தீப்பிடிக்கும், அதற்கு வாசனையும் கிடையாது. பனி தானாக உருகட்டும். எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்தால் சோடா, கரி எதுவும் தேட வேண்டாம். உடனே ப்ளக்கைப் பிடுங்கி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.