சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? வேலூர்ப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் நிறைய. அறுபது வயதைத் தாண்டியவர்கள் தவறான கணக்கை நம்பி டிக்கெட் எடுத்து, வழியில் அவதிப்படக் கூடாது.

முதல் தவறு, சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அதில் நேர்கோடு போட்டு, அதே கோட்டில் பறந்தால் ஏறத்தாழ 16,100 கிலோமீட்டர் ஆகும். உண்மையான மிகக் குறைந்த தூரம் 14,000க்குச் சற்றுக் குறைவு. உருண்டையைத் தாளில் விரித்ததால் வரும் வித்தியாசம் இது. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் கடலின் நடுவே போகாது. சீனா, சைபீரியா வழியாக வடக்கே ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கும். பெருவட்டப் பாதை என்பது அதுதான். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் எகிறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இவ்வளவு நீண்ட பயணத்திலும் அதனால் கூடுவது 25 கிலோமீட்டர்கூட இல்லை.

மைல் கணக்கிலும் கவனம் வேண்டும். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகள் சொல்லும் கடல் மைல் 1.852. மாற்றிப் போட்டால் இந்தப் பயணத்தில் 1,800 கிலோமீட்டர் காணாமல் போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று நம்புவது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியது. 13,900 கிலோமீட்டராக இருந்த பாதை 15,300 ஆனது. ஆனாலும் பயணம் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கமாகக் குறைந்தது, பின்காற்று தள்ளிவிட்டதால். மேலே வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அதனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். ஒரு நாட்டு வான்வெளி மூடப்பட்டால் சுற்றிப் போகவும் வேண்டியிருக்கும். ஆகவே டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். புறப்படும் மணியையும் இறங்கும் மணியையும் கழித்துப் பார்க்காதீர்கள்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம், இடையே பன்னிரண்டரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை.

இறங்கி மாறும் பயணம் என்றால் இரண்டு துண்டுகளையும் கூட்டுங்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாகப் போனால் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். நடுவில் காத்திருக்கும் நேரம் தனி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள்.

தரைவழியையும் கணக்கில் சேருங்கள். மீனம்பாக்கம் இங்கிருந்து சுமார் 135 கிலோமீட்டர். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 200க்கு மேல். ஊரை ஒட்டி வரும் நெரிசல் இரண்டு பக்கமும் உண்டு. நள்ளிரவு விமானமானாலும் மாலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.