அமெரிக்கத் தொகுதித் தேர்தலுக்கான சந்தை விலையைப் படிப்பது எப்படி

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து மாமா ஒரு படம் அனுப்பினார். தேர்தல் முடிவின் மேல் பணம் கட்டும் பாலிமார்க்கெட் என்ற முன்கணிப்புச் சந்தைத் தளத்தில், அமெரிக்க காங்கிரஸ் (அவர்களின் நாடாளுமன்றம்) தொகுதி ஒன்றின் பக்கம் அது, ஒரு வேட்பாளர் பெயருக்கு நேரே 61% என்று இருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "பாத்தியாப்பா, நூத்துக்கு அறுபத்தொண்ணு ஓட்டு, முடிஞ்சு போச்சு." மாமாவுக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. அவர் மகன் டர்பன் துறைமுகத்தில் ஆரஞ்சுப் பெட்டி ஏற்றும் குளிர்கிடங்கில் வேலை செய்கிறான். ஆப்பிரிக்கச் சரக்குக்கு வரிச் சலுகை தரும் அகோவா சட்டம் 2000இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றியது, அதை நீட்டிப்பதும் விடுவதும் அவர்கள் கையில்தான். அதனால் இந்த எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், 61 என்பது ஓட்டு சதவீதம் இல்லை, விலை. அந்த வேட்பாளர் ஜெயித்தால் ஒரு பங்குக்கு 1 டாலர் கிடைக்கும், தோற்றால் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட பங்கை 61 சென்ட்டுக்கு யாரோ வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். நூறு முறை இதே நிலைமை வந்தால் அறுபது முறை போல ஜெயிப்பார், நாற்பது முறை போல தோற்பார் என்று சந்தை நினைக்கிறது. கலிபோர்னியா 13ஆம் தொகுதியைப் பாருங்கள்: 2022இல் ஜான் டுவார்ட்டே ஆடம் கிரேயை 564 ஓட்டில் தோற்கடித்தார், 2024இல் கிரே அவரை 187 ஓட்டில் தோற்கடித்தார், அதுவும் 2 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த இடத்தில். இப்படிப்பட்ட தொகுதியில் 61 சென்ட்டை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

டர்பனின் கிரேவில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜூலை பந்தயத்தில் பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒரு குதிரைக்கு 33-10 (10 கட்டினால் 33 லாபம்) என்று போட்டால், 10ஐ 43ஆல் வகுத்தால் 23% வருகிறது. எல்லாக் குதிரைக்கும் அப்படிப் போட்டுக் கூட்டினால் 100ஐத் தாண்டும், தாண்டுகிற அந்தப் பகுதிதான் புக்கியின் லாபம். இங்கேயும் அப்படித்தான் கூட்டிப் பாருங்கள். ஒரு கட்சிக்கு 57, மற்றதற்கு 47 என்றால் மொத்தம் 104, அப்போது 57ஐ 104ஆல் வகுத்து 55% என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதுதான் முக்கியம்: பெரிதாகத் தெரிகிற எண்ணை விட்டுவிட்டு கீழே இருக்கிற ஆர்டர் பட்டியலைத் திறங்கள். மாமா அனுப்பிய பக்கத்தை நானும் திறந்தேன். வாங்கத் தயாராக இருந்தவர் சொன்ன விலை 48, விற்கத் தயாராக இருந்தவர் கேட்ட விலை 62. நடுவில் 14 சென்ட் இடைவெளி! பாலிமார்க்கெட்டில் இடைவெளி 10 சென்ட்டுக்குள் இருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள விலையைக் காட்டும், அதற்கு மேல் போனால் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையைக் காட்டும். ஆக அந்த 61 யாரோ ஒருவர் எப்போதோ வாங்கிய விலை. நடுவை எடுத்தால் 55. ஒவ்வொரு விலையிலும் எத்தனை டாலர் நிற்கிறது என்றும் பாருங்கள். சில நூறு டாலர்தான் என்றால் ஒரே ஆள் காலையில் காபி குடிக்கிற நேரத்தில் அந்த எண்ணை மாற்றிவிடலாம். 2024 ஜனாதிபதி தேர்தல் சந்தையில் பல நூறு கோடி டாலர் புழங்கியது, ஒரு தொகுதிக்கு அந்தக் கூட்டம் வராது.

தொகுதி விலையை நாட்டு விலையோடு ஒட்டிப் பார்ப்பதும் நல்லது. காங்கிரஸின் கீழ்ச்சபையில் 435 இடம், பெரும்பான்மைக்கு 218. சபை யார் கைக்குப் போகும் என்ற பெரிய சந்தை ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்த பிறகும் இழுபறித் தொகுதியின் விலை அசையவே இல்லை என்றால், அது பெரும்பாலும் பழைய விலை. தொகுதிகள் எந்தக் கட்சிப் பக்கம் சாய்கின்றன என்று மதிப்பிடும் குக் பொலிட்டிகல் ரிப்போர்ட் அந்தத் தொகுதியை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

மிகக் குறைந்த விலையையும் மிக உயர்ந்த விலையையும் அப்படியே நம்பாதீர்கள். 2022இல் வாஷிங்டன் 3ஆம் தொகுதியில் மேரி க்ளூசன்காம்ப் பெரெஸுக்கு ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம் 100க்கு 2 வாய்ப்புதான் கொடுத்தது, அவர் ஜெயித்தார். சந்தையில் இன்னொன்றும் உண்டு. 97 சென்ட் கொடுத்து 3 சென்ட்டுக்காக மாதக்கணக்கில் பணத்தை முடக்க எல்லாரும் தயாராக இல்லை, அதனால் கிட்டத்தட்ட உறுதியான விஷயம்கூட 100ஐ எட்டாமல் நிற்கும்.

அந்தச் சந்தையின் விதிகளையும் படியுங்கள், பங்கு வேட்பாளர் பெயருக்கா கட்சிக்கா, எந்த அறிவிப்பை வைத்து முடிப்பார்கள் என்று அதில் இருக்கும். பணம் போடச் சொல்லி இதை எழுதவில்லை, நானும் போடுவதில்லை.

தேர்தல் இரவு பார்ப்பதென்றால், கலிபோர்னியாவில் வாக்குச்சாவடி மூடும்போது டர்பனில் மறுநாள் காலை 6 மணி. முதலில் வருகிற எண்ணிக்கைக்கு விலை தாவும், அதைப் பார்த்துவிட்டு மாமாவுக்கு போன் போடாதீர்கள். அங்கே தபால் ஓட்டு எண்ண வாரக்கணக்கில் ஆகும். அந்த 13ஆம் தொகுதியில் 2024இல் ஆரம்ப எண்ணிக்கையில் டுவார்ட்டேதான் முன்னால் இருந்தார், கிரே ஜெயித்தது டிசம்பர் 3 அன்றுதான் உறுதியானது, ஓட்டுப் பதிவு நவம்பர் 5. எனவே அந்தத் தொகுதிக்கு என்றால் மெர்செட், ஃப்ரெஸ்னோ போன்ற மாவட்டங்களின் தேர்தல் அலுவலகப் பக்கத்தில் இன்னும் எண்ணாத ஓட்டு எத்தனை என்று பார்த்து, அதை முன்னிலையோடு ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு விலையைத் திறங்கள்.