பழைய சிடிகே ப்ராஜெக்ட்டை அப்டேட் செய்வது எப்படி

அமேசான் க்ளவுடான ஏடபிள்யூஎஸ்-இன் சிடிகே என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஃபைல் வைக்கும் பக்கெட், டேட்டா வைக்கும் டேபிள், கோடு ஓடும் லாம்டா எல்லாவற்றையும் டைப்ஸ்கிரிப்டிலோ பைதானிலோ எழுதி வைத்தால் ஏடபிள்யூஎஸ்-இன் க்ளவுட்ஃபார்மேஷன் சர்வீஸ் படிக்கும் டெம்ப்ளேட்டாக மாற்றி ஏற்றிவிடும் என்பது தெரிந்திருந்தால் போதும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளுக்கும் ஷூ யூனிட்டுகளுக்கும் ஜாப் ஒர்க் கணக்கு, கேட் பாஸ் என்று சின்னச் சின்ன ஆப்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. காட்பாடியில் அறை எடுத்துப் படிக்கும்போதே யாரோ ஒரு பையன் எழுதிக் கொடுத்திருப்பான், அப்புறம் வேலை கிடைத்து பெங்களூர் போயிருப்பான், யாரும் தொடாமலே ஆப் ஓடும், ஒரு நாள் அது உங்கள் தலையில் விழும். அப்படி வந்து சேர்ந்த ப்ராஜெக்ட்டுக்குத்தான் இது.

சிடிகே அப்டேட் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: டெர்மினலில் ஓடும் சிஎல்ஐ, கோடுக்குள் இம்போர்ட் செய்யும் லைப்ரரி, டிப்ளாய் செய்ய சிடிகே-க்குத் தேவையானவற்றை வைத்துக்கொண்டு அக்கவுண்டில் உட்கார்ந்திருக்கும் பூட்ஸ்ட்ராப் ஸ்டாக் (ஸ்டாக் என்றால் ஒன்றாக ஏற்றப்படும் தொகுப்பு). மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டு எரர் வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

முதலில் எந்த வெர்ஷன் என்று பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பேக்கேஜ் என்று பட்டியல் நீண்டு கிடந்தால் அது வெர்ஷன் 1. அதற்கான ஆதரவு 2023 ஜூன் 1 அன்றே முடிந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த வெர்ஷன் 2-இல் நிலைபெற்ற எல்லாம் ஒரே லைப்ரரிக்குள் வந்துவிட்டன, ஆல்ஃபா என்று பெயரில் இருப்பவை மட்டும் வெளியே. மாறுவதில் பெரும்பாலும் இம்போர்ட் வரிகளைத்தான் திருத்த வேண்டியிருக்கும், ஆனால் சிடிகே ஜேசன் ஃபைலில் இருக்கும் பழைய ஃபீச்சர் ஃப்ளாக்குகளை (புது நடத்தையை ஆன் செய்யும் சுவிட்சுகள்) நீக்காவிட்டால் வெர்ஷன் 2 எரர் காட்டி நின்றுவிடும். புது முறை பூட்ஸ்ட்ராப்பும் கட்டாயம். அதை முடித்த பிறகுதான் மற்றது.

எதையும் தொடுவதற்கு முன் டிரிஃப்ட் பாருங்கள். முந்தைய ஆள் அவசரத்தில் கன்சோலுக்குள் போய் கையால் ஏதாவது மாற்றியிருந்தால் அது கோடில் இருக்காது. புது சிஎல்ஐ-யில் சிடிகே டிரிஃப்ட் என்றே ஒரு கமாண்ட் உண்டு, பழையதில் க்ளவுட்ஃபார்மேஷன் கன்சோலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சிஎல்ஐ. இதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். காரணம் எளிது: புது சிஎல்ஐ தனக்கு முன்னால் வந்த பழைய லைப்ரரியோடு வேலை செய்யும், பழைய சிஎல்ஐ புது லைப்ரரியைப் பார்த்தால் க்ளவுட் அசெம்பிளி ஸ்கீமா (லைப்ரரி சிஎல்ஐ-க்குக் கொடுக்கும் ஃபைல்களின் வடிவம்) பொருந்தவில்லை என்று எரர் போட்டு நின்றுவிடலாம். 2025 பிப்ரவரியிலிருந்து இரண்டுக்கும் வெர்ஷன் எண் வேறு வேறு. லைப்ரரி பழைய வரிசையிலேயே போகிறது, சிஎல்ஐ மட்டும் 2.1000.0 என்று தாவிவிட்டது. ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையே என்று பதறி, சிஎல்ஐ-யைப் பழையதற்கு இறக்கி வைக்காதீர்கள். சிஎல்ஐ-யை மெஷினில் குளோபலாகப் போடுவதைவிட ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே டெவ் டிபெண்டென்சியாகப் போட்டு, நோட் ஜேஎஸ்-உடன் வரும் என்பிஎக்ஸ் வழியாக ஓட்டுவது நல்லது, உங்கள் லேப்டாப்பிலும் இன்னொருவர் லேப்டாப்பிலும் ஒரே வெர்ஷன் ஓடும். பைதானில் எழுதினாலும் நோட் ஜேஎஸ் வேண்டும், அதுவும் ஆதரவில் இருக்கும் வெர்ஷனாக.

அடுத்தது லைப்ரரி, நேரம் எடுப்பது இங்கேதான். புது பிராஞ்ச் போடுங்கள். அப்டேட் செய்வதற்கு முன் கோடை டெம்ப்ளேட்டாக மாற்றும் சிடிகே சிந்த் கமாண்டை ஓட்டி, வரும் சிடிகே அவுட் ஃபோல்டரை வேறு பெயரில் காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் லைப்ரரியை மட்டும் ஏற்றி, கோடில் ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி சிந்த் ஓட்டி, இரண்டு ஃபோல்டரையும் ஒப்பிடுங்கள். மெட்டாடேட்டா வரி மாறியிருக்கும், விட்டுவிடலாம். நீங்கள் எழுதாத சில லாம்டாக்களின் ஹாஷ் மாறியிருக்கலாம், பக்கெட்டைத் தானாகக் காலி செய்வதற்கு சிடிகே தானே போட்டுக்கொள்ளும் லாம்டா மாதிரி, அதற்கும் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது லாஜிக்கல் ஐடி, அதாவது டெம்ப்ளேட்டில் ஒவ்வொன்றுக்கும் இருக்கும் பெயர், மாறியிருக்கிறதா என்பதைத்தான்; மாறினால் க்ளவுட்ஃபார்மேஷன் அதைப் புதியதாக எடுத்துக்கொண்டு பழையதை ஸ்டாக்கிலிருந்து எடுத்துவிடும்.

பிறகு நிஜ அக்கவுண்டில் இருப்பதோடு ஒப்பிட்டுக் காட்டும் சிடிகே டிஃப். ரீப்ளேஸ்மென்ட், டெஸ்ட்ராய், ஆர்ஃபன் (அழிக்காமல் ஸ்டாக்கிலிருந்து கைவிடுவது) என்ற வார்த்தைகள் எங்காவது இருந்தால் அங்கேயே நில்லுங்கள். சிடிகே-யில் டைனமோடிபி டேபிளுக்கும் எஸ்3 பக்கெட்டுக்கும் இயல்பான ரிமூவல் பாலிசி ரீட்டெய்ன் (ஸ்டாக்கிலிருந்து நீங்கினாலும் அழிக்காதே), அதனால் டேபிள் ரீப்ளேஸ் ஆனாலும் டேட்டா அழியாது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அழியாதுதான். ஆனால் ஆப் புது டேபிளைப் பார்க்கும்: கடை அதே இடத்தில் இருக்கும், கல்லா காலி. காலை ஷிஃப்ட்டில் சூப்பர்வைசர் ஆப்பைத் திறந்து நேற்றைய லாட் எதையும் காணோமே என்று போன் செய்வார். டேபிளுக்குப் பெயரைக் கையால் கொடுத்திருந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் டிப்ளாய் தோற்று பழைய நிலைக்குத் திரும்பிவிடும், இந்த விஷயத்தில் அது நல்லதே. லைப்ரரி அப்டேட்டோடு கோடையும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று கன்ஸ்ட்ரக்டுகளை (கோடில் பக்கெட், டேபிள் போன்றவற்றைக் குறிக்கும் துண்டுகள்) புது கிளாஸுக்குள் நகர்த்தினாலும் இதே கதை, கோடுக்குள் அவை இருக்கும் இடமான பாத் மாறினால் லாஜிக்கல் ஐடி மாறும். அந்த வேலையைத் தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்றே சிடிகே ரிஃபாக்டர் கமாண்ட் வந்திருக்கிறது.

நமக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். ஸ்டாக் டிஸ்கிரிப்ஷனிலோ வேறு மதிப்பிலோ தமிழ் எழுத்து இருந்தால் க்ளவுட்ஃபார்மேஷன் அதைக் கேள்விக்குறிகளாகத் திருப்பித் தரும். சிடிகே டிஃப் அப்படிப்பட்ட வித்தியாசங்களைக் காட்டாமல் மறைத்துவிடும். தமிழ் வாசகத்தை மாற்றியிருந்தால் ஸ்ட்ரிக்ட் என்ற ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள்.

புது ஃபீச்சர் ஃப்ளாக்குகளை இந்தச் சுற்றில் தொடாதீர்கள். புது ப்ராஜெக்ட்டில் அவை தானாக வரும், பழையதில் நீங்கள் எழுதினால்தான் உண்டு. வேண்டியதை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் டிஃப் பாருங்கள்.

மூன்றாவது பூட்ஸ்ட்ராப். இது ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் ஒவ்வொரு ரீஜனுக்கும் தனி. மும்பையில் செய்தது ஹைதராபாத்துக்குச் செல்லாது. சிடிகே பூட்ஸ்ட்ராப்பை மறுபடி ஓட்டினால் சிடிகே டூல்கிட் என்ற ஸ்டாக் மட்டும் மேலே ஏறும், உங்கள் ஆப்பைத் தொடாது. டெம்ப்ளேட்டை யாராவது திருத்தி வைத்திருந்தால் மட்டும் அந்தத் திருத்திய டெம்ப்ளேட்டையே கொடுத்து ஓட்டுங்கள், இல்லாவிட்டால் திருத்தங்கள் போய்விடும்.

டிப்ளாயை ஷிஃப்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஈபி-யின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வேண்டாம். ரயிலில் ஹாட்ஸ்பாட் போட்டுச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. நடுவில் கரண்ட் போனால் பெரிய ஆபத்து இல்லை: ஃபைல் ஏறும் கட்டத்தில் நின்றிருந்தால் மறுபடி ஓட்டினால் போதும், அதைத் தாண்டியிருந்தால் க்ளவுட்ஃபார்மேஷன் தன் வேலையை அங்கே செய்துகொண்டுதான் இருக்கும், போனில் கன்சோலைத் திறந்து நிலையைப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாமல் அப்டேட் ரோல்பேக் ஃபெயில்ட் என்று மாட்டிக்கொண்டு நின்றால் சிடிகே ரோல்பேக் கமாண்டை ஓட்டுங்கள். அதற்கு பூட்ஸ்ட்ராப் வெர்ஷன் குறைந்தது 23 இருக்க வேண்டும் என்பதால், மாட்டிக்கொள்வதற்கு முன்பே அதை ஏற்றி வைத்திருங்கள்.