குடலில் அடைப்பே இல்லை, ஆனாலும் வயிறு அடைத்துக்கொள்கிறதா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் அத்தைக்கு மாதம் ஒருமுறையாவது வயிறு பானை மாதிரி உப்பும், வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது, இரண்டு நாளில் தானாக வடிந்துவிடும். கேஸ் ட்ரபிள் என்று சோடா குடித்தே காலத்தை ஓட்டினார். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் அடைப்பு என்று வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை.

இதற்கு க்ரானிக் இன்டஸ்டைனல் சூடோ அப்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர், அதாவது பொய் அடைப்பு. குழாய் திறந்துதான் இருக்கும், தள்ளிவிடுகிற தசையோ அதை இயக்கும் நரம்போ வேலை செய்யாது. அபூர்வமான நோய், அதனால்தான் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

முதல் வேலை, வயிறு உப்பியிருக்கும்போதே எக்ஸ்ரே எடுப்பது. வடிந்தபிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். நிற்கவைத்து எடுத்த படத்தில் குடல் விரிந்து, உள்ளே காற்றும் நீரும் மட்டம் மட்டமாக நிற்கும். ஆனால் நிஜ அடைப்பிலும் படம் இப்படித்தான் இருக்கும், ஆகவே அடுத்து கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து போட்டு சி.டி. எடுத்தே ஆக வேண்டும். நம் ஊரில் குடல் காசநோயால் வரும் சுருக்கத்தை விலக்காமல் பொய் அடைப்பு என்று முடிவுகட்டக் கூடாது. பழைய ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஒட்டல், கட்டி, இவையும் இல்லை என்று தெரிய வேண்டும்.

அப்புறம் காரணம் தேட வேண்டும். சர்க்கரை, தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம் பார்ப்பார்கள். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா, தோல் இறுகுகிறதா என்று கேட்டால் அது தோலோடு குடலையும் கெடுக்கும் ஸ்க்ளிரோடெர்மா நோய்க்காக. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நெஞ்சையும் ஸ்கேன் செய்வார்கள், நுரையீரலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்கூடக் குடல் நரம்பைக் கெடுக்கும். சாப்பிடும் மாத்திரை அத்தனையும் கொண்டுபோங்கள். வலிக்குத் தரும் ட்ரமடால், மனச்சோர்வுக்கும் நரம்புவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், வயிற்றுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைசைக்ளோமின், எல்லாமே குடலை இன்னும் மந்தமாக்கும்! மனோமெட்ரி என்று குடலின் அழுத்தத்தை அளக்கும் சோதனை உண்டு, தசைக் கோளாறா நரம்புக் கோளாறா என்று ஓரளவு பிரித்துச் சொல்லும், எல்லா ஊரிலும் கிடைக்காது. வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் குடல் இரைப்பைப் பிரிவிலிருந்து தொடங்கலாம்.

சாப்பாட்டில்தான் சண்டையே. மலச்சிக்கலா, கீரை சாப்பிடு, வாழைத்தண்டு சாப்பிடு என்று தெருவே சொல்லும். இந்த நோய்க்கு அது நேர் எதிர், நார் உள்ளே தங்கி உருண்டையாகிவிடும். எண்ணெயும் கொழுப்பும் குடலை மெதுவாக்கும். குழைந்த கஞ்சி, இட்லி, தெளிவான ரசம், நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. காசிமேட்டு மீன் வேண்டுமா, சரி, வறுக்காமல் வேகவைத்து முள்ளெடுத்துக் கொடுங்கள். பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவை, அந்த பர்மா நூடுல்ஸை, அத்தை இன்னும் மறக்கவில்லை, நாங்களும் வாங்கித் தரவில்லை.

மருந்தில் ப்ரூகலோப்ரைடு, பைரிடோஸ்டிக்மின், சிலருக்கு ஆக்ட்ரியோடைட் ஊசி என்று டாக்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். தேங்கிய உணவில் கிருமி பெருகி வயிற்றுப்போக்கு ஆனால் ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாட்டிக் சில நாட்கள். பி12 குறையும், அதையும் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் குடலுக்குக் குழாய் வழியாக உணவு, அதுவும் முடியாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக.

காய்ச்சல், கல் மாதிரி இறுகிய வயிறு, மலத்தில் ரத்தம், இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே, சி.டி., ஆபரேஷன் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொரு ஆபரேஷனும் புது ஒட்டல் போடும், அடுத்த முறை நிஜ அடைப்பா பொய்யா என்று டாக்டருக்கே குழப்பம் வரும். அத்தையின் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.