பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சியில் பின்னூட்டக் கருவியைப் பயன்படுத்தும் முறை

பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மார்பழுத்தமோ மருந்தோ தேவைப்படுவதில்லை. நுரையீரலுக்குள் காற்று போய்ச் சேர்ந்தாலே போதும். உடலைத் துடைத்து, வெதுவெதுப்பாக வைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டியும் மூச்சு வராவிட்டால், பிறந்த 1 நிமிடத்துக்குள் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பையும் அதனுடன் முகத்தில் பொருத்தும் மாஸ்க்கும் கொண்டு காற்றூட்டத் தொடங்கிவிட வேண்டும். ஆகவே பிரசவ உதவியாளர்களுக்கான பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இந்தத் திறனுக்கே ஒதுக்குவது நல்லது.

சாதாரணப் பொம்மையில் பழகுபவர் மார்பு எழுகிறதா என்று கண்ணால் பார்த்தே மதிப்பிடுகிறார். மாஸ்க்கின் ஓரத்தில் பாதிக் காற்று கசிந்தாலும் அது அவருக்குத் தெரியாமல் போகலாம். பைக்கும் மாஸ்க்குக்கும் இடையே பொருத்தப்படும் உணரியோ, பொம்மைக்குள்ளேயே அமைந்த உணரியோ அந்தக் கசிவையும், மூச்சுவழி அடைப்பையும், நிமிடத்துக்கு எத்தனை முறை பை அழுத்தப்படுகிறது என்பதையும் உடனுக்குடன் திரையில் காட்டுகிறது. இதைத்தான் பின்னூட்டக் கருவி என்கிறோம்.

முதல் சுற்றில் திரையைக் காட்டாமல் காற்றூட்டச் செய்து, பயிற்சி பெறுபவருடைய இயல்பான கைப்பழக்கத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு திரையைக் காட்டிக் கசிவிலிருந்து தொடங்குங்கள். மாஸ்க்கை முதலில் தாடையில் பொருத்தி, வாயையும் மூக்கையும் மூடும்படி மேலே கொண்டுவர வேண்டும். அது கண்ணின் மேல் ஏறக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் தாடை எலும்பை மாஸ்க்கை நோக்கித் தூக்க வேண்டும். கசிவைக் கண்டதும் பலர் மாஸ்க்கை முகத்தில் இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். அதனால் தலை முன்னோக்கிச் சாய்ந்து மூச்சுவழி குறுகுகிறது. அடைப்பு என்று கருவி காட்டினால் தலையைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்து, வாயில் சளி இருந்தால் அகற்றி, வாயைச் சிறிது திறந்து மீண்டும் முயல வேண்டும். அதன் பிறகும் மார்பு எழாவிட்டால்தான் பையைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தலாம்.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முறை என்ற வேகம் பதற்றத்தில் எளிதில் கூடிவிடும் என்பதால், ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, ஒன்று என்னும்போது மட்டும் அழுத்தச் சொல்லுங்கள்.

கை படிந்ததும் திரையை மறைத்துவிடுங்கள். கசிவு இருக்கிறதா, இல்லையா என்று பயிற்சி பெறுபவரே முதலில் சொல்ல, அதன் பிறகே அளவைக் காட்ட வேண்டும். திரையைப் பார்த்தே கையைத் திருத்திப் பழகியவர், திரையில்லாத பிரசவ அறையில் மார்பின் அசைவையும் இதயத்துடிப்பு உயர்வதையும் கவனிக்கத் தடுமாறுவார்.

ஒரு நாள் வகுப்பில் கற்றது சில மாதங்களில் மங்கிவிடும். கருவியைப் பூட்டி வைக்காமல் பிரசவ அறைக்கு அருகிலேயே வைத்து, பணி தொடங்குமுன் சில நிமிடங்கள் அடிக்கடி பழக வழிசெய்யுங்கள். பதிவாகும் அளவுகளை ஊழியரைத் தரம்பிரிக்கப் பயன்படுத்தினால் அவர்கள் கருவியைத் தொடவே தயங்குவார்கள் என்பதையும் நிர்வாகம் உணர வேண்டும்.

பையை முதல் முறை அழுத்தியதிலிருந்தே அளக்கத் தொடங்கும் கருவிகளில், அதற்கு முன் வீணான நேரம் பதிவாகாது. எனவே பொம்மையைக் கையில் கொடுக்கும் நொடியிலேயே பயிற்றுநர் தனிக் கடிகாரத்தை ஓடவிட்டு, முதல் மூச்சு எப்போது உள்ளே போனது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.