மாமாவின் அலுமாரியில் கிடந்த வில்லையை டிஜிட்டல் கமராவில் பூட்டிய விதம்

என் மாமா 1980களில் வாங்கிய பிரக்டிக்கா கமரா ஒன்று, மட்டக்களப்பின் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டு அலுமாரியின் மேற்தட்டில், தோல் உறைக்குள் பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதற்குரிய பிலிம் சுருளைத் தேடித் திரிய எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் அதன் முன்னால் திருகப்பட்டிருந்த பென்டகன் 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையை, பாவித்த நிலையில் நான் வாங்கியிருந்த கெனன் 550டி கமராவில் பூட்டலாம் என்று அறிந்தபோது, ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்றே நினைத்தேன். மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று வாரத்தில் பிழைத்தவற்றையும் சரிவந்தவற்றையும், இதே வேலையில் முதன்முதலாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., அபேச்சர் ஆகிய மூன்றும் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கமரா உடலைத் தெரிவுசெய்தல்

550டி 2010 இல் வெளிவந்தது, 18 மெகாபிக்சல். வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட அது தாராளமாகப் போதும். பழைய உடல்கள் பின்தங்குவது இருட்டில்தான். ஆகவே நான் ஐ.எஸ்.ஓ. 1600 ஐத் தாண்டுவதில்லை, எல்லாப் படத்தையும் சென்சர் பதிந்த தரவை அப்படியே சேமிக்கும் ரோ வடிவத்திலேயே எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் திருத்துகிறேன்.

பாவித்த உடலை வாங்கும்போது, ஏதாவது ஒரு வில்லையைப் பூட்டி, எஃப் 16 இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசு இருக்கிறது என்று பொருள். தூசைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. பற்றரி ஊதியிருக்கிறதா, மெமரி கார்ட் நுழையும் இடத்தில் முள் வளைந்திருக்கிறதா என்பவற்றையும் கவனியுங்கள். 2009 இற்கு முற்பட்ட உடல்கள் பொதுவாக 32 ஜீ.பீ. இற்கு மேற்பட்ட கார்ட்டை ஏற்பதில்லை.

கெனன் 5டியின் முதற்பதிப்பைப் பலர் சிபாரிசு செய்வார்கள். 2005 இல் வந்த அந்த முழுச்சட்டக் (35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சர் உள்ள) கமராவின் நிறங்கள் எனக்கும் பிடிக்கும். எனினும் அதில் லைவ் வியூ, அதாவது காட்சியைப் பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் வசதி, இல்லை. கையால் ஃபோக்கஸ் செய்யப் பழகாத ஒருவருக்கு அது இல்லாமல் முடியாது என்பது என் முடிவு. வீட்டில் எந்தக் கமராவும் இல்லாமல் தொடங்குபவராயின், உட்கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) வகையையே வாங்கச் சொல்வேன். 2011 இன் சோனி நெக்ஸ் 5என், ஃபோக்கஸ் விழுந்த விளிம்புகளைத் திரையில் நிறத்தால் காட்டித்தரும். 2012 இன் ஒலிம்பஸ் ஈ-எம்5, எந்தப் பழைய வில்லைக்கும் கைநடுக்கத்தை உடலுக்குள்ளேயே குறைத்துத் தரும். வில்லையின் மில்லிமீற்றர் எண்ணை மட்டும் நாமே மெனுவில் பதிய வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஓடித் திரியும் பிள்ளைகளைப் படம் எடுப்பதே உங்கள் நோக்கமாயின், கெனன் 2015 இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.ரீ.எம். வில்லையைப் பாவித்த விலையில் வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். தானாகவே ஃபோக்கஸ் செய்யும், கூர்மையும் அதிகம்.

வில்லையைச் சோதித்தல்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஊரில், வில்லைக்கு முதல் எதிரி பூஞ்சணம். இருபுற மூடிகளையும் கழற்றி, அபேச்சர் வளையத்தை மிகச் சிறிய எண்ணுக்குத் திருப்பி, கைபேசியின் விளக்கைப் பின்புறத்தில் சற்றுச் சரிவாகப் பிடித்து, முன்புறத்தால் உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்றோ வேர் பரவியது போன்றோ நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். ஓரத்தில் சிறிதளவு இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. நடுவில் பரவியிருந்தாலோ, கண்ணாடி முழுவதும் பால் படிந்தது போல் மங்கியிருந்தாலோ, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்பேன். பூஞ்சணத்தைச் சுத்தம் செய்யலாம். அது அரித்த கண்ணாடிப் பூச்சைத் திருப்பித் தர யாராலும் முடியாது. நாலைந்து தூசித் துணிக்கைகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்து, ஃபோக்கஸ் வளையம் எங்கும் இறுகாமல் சுழல வேண்டும். அபேச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்கம் இருக்கக் கூடாது. எண்ணெய் படிந்த தகடுகள் மெதுவாக அசையும் அல்லது ஒட்டிக்கொள்ளும்.

அடப்டரும் 1.46 மில்லிமீற்றரும்

வில்லை அமரும் வளையத்தில் இருந்து பிலிம் அல்லது சென்சர் வரையுள்ள தூரம் ஒவ்வொரு கமரா வகைக்கும் வேறுபடும். பிரக்டிக்கா, பழைய பென்டக்ஸ், சோவியத் செனிற் ஆகியவை பயன்படுத்திய எம்42 திருகு வகைக்கு அது 45.46 மி.மீ. கெனன் ஈ.எஃப். உடலில் அது 44 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1.46 மி.மீ.; அந்தத் தடிப்பில் ஒரு உலோக வளையத்தை (இதுவே அடப்டர்) இடையில் வைத்தால் கணக்குச் சரியாகிறது, தொலைதூரப் பொருளிலும் ஃபோக்கஸ் விழுகிறது. வில்லையின் தூரம் உடலின் தூரத்தை விடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஆகவே ஒலிம்பஸ் ஓ.எம். (46 மி.மீ.), நிக்கொன் எஃப் (46.5 மி.மீ.) வில்லைகளும் கெனன் உடலில் பொருந்தும், கெனனின் சொந்தப் பழைய எஃப்.டி. வில்லையும் (42 மி.மீ.) மினோல்ட்டா எம்.டி. வில்லையும் (43.5 மி.மீ.) பொருந்தாது. சோனி ஈ உடலில் தூரம் 18 மி.மீ. மட்டுமே என்பதால் அதில் ஏறத்தாழ எல்லாம் பூட்டலாம். மேலே உட்கண்ணாடி இல்லாத கமராவைச் சொன்னதற்கு இதுவே பெரிய காரணம்.

என்னை மூன்று வாரம் அலைக்கழித்த ஊசி

இணையத்தில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைத்த அடப்டரைத் தருவித்து, வில்லையைத் திருகி, பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனேன். மாலை வெயிலில் வாவியை எஃப் 8 இல் எடுத்தேன். படம் மென்மையாக, புகைபடிந்தது போல் வந்தது. தூரத்துத் தென்னைகளுக்குக் கூர்மை இல்லை. எஃப் 11, எஃப் 16 என்று மாற்றினேன். படத்தில் எந்த வேறுபாடும் இல்லை. கமரா காட்டிய ஷட்டர் வேகமும் மாறவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. வில்லை பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, இன்னொரு வில்லைக்கு விலை கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

பிழை வில்லையில் இல்லை. எம்42 வில்லைகளில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஒரு சிறிய ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பிலிம் கமராவில் ஷட்டர் பொத்தானை அழுத்தும்போது, உள்ளே உள்ள ஒரு தட்டு அந்த ஊசியை முன்னோக்கித் தள்ளும். அந்தக் கணத்தில்தான் தகடுகள் நாம் தெரிவுசெய்த எண்ணுக்குச் சுருங்கும். அதுவரை அவை முழுவதும் திறந்தே நிற்கும், பார்ப்பவருக்கு வெளிச்சமான காட்சி கிடைப்பதற்காக. டிஜிட்டல் உடலில் அந்தத் தட்டு இல்லை. எனவே நான் வளையத்தை எந்த எண்ணில் வைத்தாலும் வில்லை எஃப் 1.8 இலேயே நின்றிருக்கிறது.

உங்கள் வில்லையில் இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். வில்லையைக் கையில் எடுத்து, வளையத்தை எஃப் 16 இற்குத் திருப்பி, முன்புறத்தால் பாருங்கள். துவாரம் சிறுத்தால் கவலை இல்லை. சிறுக்காவிட்டால், பின்புற ஊசியை நகத்தால் அழுத்துங்கள். அப்போது தகடுகள் மூடிக்கொண்டால் வில்லை நலமாக இருக்கிறது, ஊசியை அழுத்தி வைத்திருக்க ஒரு வழிதான் தேவை.

வழிகள் இரண்டு. சூப்பர் தக்குமார் போன்ற சில வில்லைகளின் பக்கத்தில் தானியங்கி, கையியக்கம் என்று மாற்றும் ஒரு சிறிய ஆளி இருக்கும். அதைக் கையியக்கப் பக்கம் தள்ளிவிட்டால் ஊசியைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. எனது பென்டகனில் அந்த ஆளி இல்லை. அப்படியானவற்றுக்கு, உள்விளிம்பு உள்ள அடப்டரை வாங்க வேண்டும். பார்வைக்கு இரண்டு வளையங்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இதில் உட்புறமாக ஒரு மெல்லிய தட்டு நீண்டிருக்கும், வில்லையைத் திருகி இறுக்கும்போது அது ஊசியை நிரந்தரமாக அழுத்திக்கொள்ளும். விற்பனைப் படத்தில் அந்த உள்விளிம்பு தெளிவாகத் தெரியாவிட்டால், கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே காசைக் கட்டுங்கள். ஊசியைப் பசையால் ஒட்டிவிடும் யோசனையை இணையத்தில் காண்பீர்கள். பசை உள்ளே கசிந்து தகடுகளில் படிந்தால் வில்லையை முழுதாகக் கழற்ற நேரும், ஆகையால் அதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஹீலியோஸ் 44-2 வில்லையில் இந்தச் சிக்கல் அறவே இல்லை. அதில் ஊசியே கிடையாது. எண்ணைத் தெரிவுசெய்ய ஒரு வளையமும், திறந்து மூட இன்னொரு வளையமும் இருக்கும். முதல் வில்லையாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் அதைச் சொல்வது இதனாலேயே; பின்னணியில் வெளிச்சம் சுழல்வது போல் தெரியும் அதன் புகழ்பெற்ற குணம் எனக்கு ஓரிரு படத்துடன் சலித்துவிட்டது.

ஃபோக்கஸும் வெளிச்சமும்

கெனனில் வில்லையைப் பூட்டியதும் திரையில் அபேச்சர் எண் 00 என்று காட்டும். அது பிழையல்ல, கமராவுக்கு வில்லை யாரென்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஏ.வீ. நிலையில் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே கணிக்கும். ஆயினும் சிறிய துவாரங்களில் கணிப்புச் சற்று விலகுவதைக் கண்டதால், நான் எல்லாவற்றையும் கையால் அமைக்கும் எம் நிலையில் வைத்து, லைவ் வியூவில் வெளிச்சத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறேன்.

வியூஃபைண்டரை நம்பி எஃப் 1.8 இல் ஃபோக்கஸ் செய்ய வேண்டாம். இக்காலக் கமராக்களின் ஃபோக்கஸ் திரை, அவ்வளவு மெல்லிய ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை. தெளிவாகத் தெரிந்த கண், படத்தில் மங்கியிருக்கும். லைவ் வியூவில் பத்து மடங்கு பெருப்பித்து, துவாரத்தை முழுவதும் திறந்து ஃபோக்கஸ் செய்து, பிறகு வேண்டிய எண்ணுக்கு மூடுங்கள். 550டியின் சென்சர் சிறியது என்பதால் 50 மி.மீ. வில்லை அதில், முழுச்சட்டக் கமராவில் 80 மி.மீ. வில்லை தரும் பார்வைக் கோணத்தையே தரும். கையில் பிடித்து எடுக்க நொடியில் 125 இல் ஒரு பங்கைவிட மெதுவாகப் போவதில்லை.

அசையும் பொருளுக்கு வேறு முறை வேண்டும். இரவில் வடமோடிக் கூத்தை எடுக்கச் சென்றபோது, ஆடுபவரின் பின்னால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்து முதல் ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினேன். பின்னர் வில்லையை மூன்று மீற்றரில் நிறுத்தி, எஃப் 4 இல் வைத்து, களரியில் ஆடுபவர் சுற்றிவந்து அந்தத் தூரத்தை அடையும் கணத்துக்குக் காத்திருந்தேன். அந்த அமைப்பில் ஏறத்தாழ அரை மீற்றர் ஆழம் தெளிவாக இருக்கும், எஃப் 1.8 இல் கால் மீற்றர்தான் கிடைக்கும். கூத்தில் வரவுத் தாளத்துக்கேற்ப அடிகள் திரும்பத் திரும்ப வருவதால், இரண்டு சுற்றுப் பார்த்தாலே எப்போது அழுத்துவது என்பது பிடிபட்டுவிடும்.

பழைய வில்லைகளின் பூச்சு, எதிர்வெயிலைத் தாங்காது. கல்லடியில் இருந்து வாவிப் பக்கம் பார்த்து மாலையில் எடுப்பவர்கள் இறப்பராலான நிழல்மறைப்பு ஒன்றை வாங்கி முன்னால் திருகிக்கொள்ளுங்கள். வேறு எந்தத் துணைப்பொருளையும் வாங்காவிட்டாலும் இதை வாங்குங்கள்.

பின்சேர்க்கை

இதை வெளியிட்ட பின், அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாசகர், தனது நிக்கொன் டி3100 இல் எம்42 வில்லையைப் பூட்டினால் சில அடிகளுக்கு அப்பால் எதுவும் தெளிவதில்லை என்று எழுதியிருந்தார். மேலே சொன்ன தூரக் கணக்கே காரணம்: நிக்கொனின் 46.5 மி.மீ., எம்42 இன் 45.46 மி.மீ. ஐவிடக் கூடியது. உள்ளே ஒரு சிறு வில்லைக் கண்ணாடி வைத்த அடப்டர்கள் உண்டு. அவை தூரத்தைச் சரிசெய்து கூர்மையைக் கெடுக்கின்றன. நிக்கொன் வைத்திருப்பவர்கள் நிக்கொனின் பழைய ஏ.ஐ. வில்லைகளையே (1977 முதல் வந்தவை) தேடுங்கள். டி3100 அவற்றுடன் வெளிச்சத்தை அளக்காது, எம் நிலையில் ஊகித்தே எடுக்க வேண்டும். டி200, டி7000 ஆகியவை அளக்கும். 1977 இற்கு முற்பட்ட, ஏ.ஐ. ஆக மாற்றம் செய்யப்படாத வில்லையை மட்டும் டி7000 இல் பூட்ட வேண்டாம். உடலின் விளிம்பில் உள்ள சிறிய நெம்பு உடையக்கூடும்.

சோனியில் ஷட்டரே இயங்கவில்லை என்றவர்களுக்கு: மெனுவில், வில்லை இல்லாமல் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் தெரிவைத் திறந்துவிடுங்கள்.

தக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 வில்லை மஞ்சளாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் சில பதிப்புகளின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் அப்படி ஆகும். புறஊதா ஒளி பட்டால் படிப்படியாகத் தெளியும். வெயிலில் வைப்பதாயின் ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடி, சூரியனுக்கு நேரே திருப்பாமல் வையுங்கள். திறந்த வில்லை வெயிலைக் குவித்து மேசையைச் சுட்டுவிடும். எங்கள் வீட்டு மேசைவிரிப்பில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

பாதுகாத்து வைப்பது பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மாமாவின் கமராவை எடுத்த அன்றே அந்த உறையை அப்புறப்படுத்திவிட்டேன். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி ஒன்று, இவை போதும். எண் 40 இற்கும் 50 இற்கும் இடையில் நிற்க வேண்டும். அரிசியில் புதைத்து வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அரிசித் தூள்தான் உள்ளே போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனது பெட்டியின் ஜெல்லை எப்போதாவதுதான் சூடாக்கி உலர்த்துகிறேன். ஐப்பசியில் மாரி தொடங்கியதில் இருந்து தை வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்க்கிறேன்.